புவனேஸ் அக்காவின் கல்யாண முருங்கை

நேற்றைய சோற்றுக் கஞ்சியை ஏந்திக்கொண்டு புவனேஸ் அக்கா மூடுபனிக்குள் இறங்குகிறார். ஐந்தாறு அடிக்கு மேல் ஆள் தெரிவதில்லை; கஞ்சி மண்ணில் விழும் சத்தம் மட்டும் வரும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் கடைசியான அவர் வீட்டை ஒட்டி நிற்கும் கல்யாண முருங்கைக்குத்தான் முதல் சாப்பாடு. அப்புறம்தான் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடையைத் திறக்கப் போவார்.

இருமலோடு வருகிறவர்களுக்கு அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுத் தருவார். பூக்கும் மாதத்தில் ஒரு செங்கொத்தைப் பழத்தட்டுகளின் நடுவே செருகி வைப்பார். சுற்றுலா வந்தவர்கள் பழத்தை விட்டுவிட்டுப் பூவைப் படம் பிடிப்பார்கள். "பூவுக்கு வெல இல்லலா, பழத்த வாங்குங்க" என்பார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அது அவருடைய கல்யாணப் பந்தலில் நட்ட கால். சடங்கு முடிந்ததும் பிடுங்கி வீட்டோரம் ஊன்றினார்கள். இரண்டாம் வருடம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. "கம்பு தங்கிருச்சு, ஆளுதான் தங்கல" என்று சிரித்தபடி முள்ளை ஒதுக்கி இலை பறிப்பார்.

எங்கள் மலையில் வேறு எந்த மரமும் ஒரேயடியாக மொட்டையாவதில்லை. தேயிலை வருடம் முழுக்க ஒரே பச்சை. அதனால் பிப்ரவரியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும் இந்த மரம், பனியின்மேல் யாரோ எழுதிப் பாதியில் விட்ட வரி மாதிரி இருக்கும். தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாகக் கணக்கெழுத வந்த கிராணிக்கு அது செத்த மரமாகத் தெரிந்துவிட்டது. கூரைமேல் விழுந்துவிடும், வெட்டிப் போடு என்று தோட்டத்து வேலையாள் மகேனை அனுப்பினார்.

மெஷின் ரம்பத்தோடு வந்த மகேன், மண்ணில் கஞ்சியைப் பார்த்தான்.

"செத்த மரத்துக்கா சோறு ஊத்துற, அக்கா?"

"தூங்குறவன சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவியாடா?"

"கிராணி சொல்லிட்டாருலா. நான் என்ன செய்ய?"

அக்கா கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினார். சாம்பல் தோலுக்கு அடியில் ஈரப் பச்சை. மகேன் குனிந்து பார்த்தான், தொட்டு முகர்ந்தான். கைப்பேசியில் படம் எடுத்துக் கிராணிக்கு அனுப்பிவிட்டு, அவரை அழைத்தான்.

"உசுரு இருக்கு சார். ஆமா, என் கண்ணால பாத்துட்டேன்... சரி சார், விட்டுர்றேன்."

ரம்பத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். சத்தம் திரிங்காப் ஊர்ப் பக்கம் கரையும்வரை அக்கா அசையவில்லை. பிறகு ஈர மண்ணை விரல்நுனியில் எடுத்து, நகம் கீறிய இடத்தில் தடவினார். வாயைக் குவித்து அதன்மேல் மெல்ல ஊதினார்.