ரிப்பன் வெட்டும் வரை ஐசோடோப்பு காத்திருக்காது

1. பெட்டி

பார்சல் வந்த அன்றே வேலையைத் தொடங்கியிருந்தால் இதை எழுதவே அவசியம் வந்திருக்காது. ஈயக் குடுவையை வெளியே எடுக்கப் போனேன். டிரஸ்டி குறுக்கே வந்து நின்றார்.

"ஏம்மா, அதத் தொடாதீங்க. மந்திரி வந்து ரிப்பன் வெட்டட்டும். அப்பறம் பிரிச்சுக்கலாம்."

அறுபதுகளில் புதுக்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அங்கே நான் லேப் டெக்னீஷியன். எங்கள் டாக்டர் பம்பாயில் ஐசோடோப்பு டிரெயினிங் முடித்து வந்தவர். தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் கூடுதலா, குறைவா என்று டெஸ்ட் ட்யூபிலேயே கண்டுபிடிக்கலாம் என்று டிரஸ்டியிடம் பேசிப் பேசி, கதிரை எண்ணுகிற கவுன்ட்டர் மெஷின் வாங்க வைத்தார். அந்தக் குடுவைக்குள் இருந்தது கதிரியக்க அயோடின் ஏற்றிய ஹார்மோன்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், இந்த அயோடின் எட்டு நாள்ல பாதியாப் போயிரும். அடுத்த எட்டு நாள்ல அதுலயும் பாதி. உள்ளயே செத்துரும்."

"ஈயத்துக்குள்ளதான இருக்கு? பூட்டு வேற போட்டிருக்கு. எங்கிட்டுப் போயிரும்?" என்றார் டிரஸ்டி.

குடுவையை பீரோவுக்குள் வைத்தேன். காசு கொடுத்தவர் அவர்.

முதலில் குறித்த நாள் அஷ்டமி. மறுநாள் நவமி. இரண்டும் அணுவுக்கும் ஆகாதாம். அப்புறம் மந்திரியின் டூர் மாறியது. மறுபடியும் மாறியது. குடுவை பீரோவுக்குள் சமர்த்தாகச் செத்துக்கொண்டிருந்தது.

2. மேரி டீச்சர்

எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் மேரி டீச்சர். விராலிமலைப் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூலில் வேலை. கையில் சாக்பீஸ் நிற்காது, அப்படி நடுக்கம். நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனார். கழுத்தில் வீக்கம் எதுவும் வெளியே தெரியவில்லை. அதனால் ஸ்கூல் மேனேஜர், இது பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார். மாதக் கடைசிக்குள் டாக்டர் சர்டிபிகேட் வராவிட்டால் சீட்டுக் கிழியும். அந்த வீட்டில் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான்.

"பயத்துலயும் நெஞ்சு அடிச்சுக்கும், தைராய்டுலயும் அடிச்சுக்கும். டெஸ்ட் பண்ணாம எழுத மாட்டேன்" என்றார் டாக்டர். அயோடினைக் குடிக்கக் கொடுத்துக் கழுத்தை அளக்கிற பழைய முறை மேரி டீச்சருக்கு ஆகாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். ரத்தத்தை மட்டும் எடுத்துச் செய்கிற இந்தப் புது முறைதான் ஒரே வழி.

முறை இதுதான். ரத்தத்தில் ஹார்மோன் உட்காரப் புரதத்தில் பஸ் சீட் மாதிரி இடம் உண்டு. இடமெல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்தால், நாம் ஊற்றுகிற ஹார்மோன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி சிவப்பணுவில் போய்த் தொற்றிக்கொள்ளும். சிவப்பணுவைக் கழுவி எடுத்து கவுன்ட்டரில் வைத்தால் தொங்குகிறவர்களின் கணக்கு வந்துவிடும். ட்யூபை இளஞ்சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மெஷின் வாங்கித் தரவில்லை. ஒரு பழைய தையல் மெஷினின் மிதிகட்டையில் ட்யூப் ஸ்டாண்டைக் கட்டி நாங்களே ஆட்டினோம்.

3. விழா

கடைசியில் மந்திரி வந்தார். கவுன்ட்டருக்கு மாலை, சந்தனம், குங்குமம். மிதிகட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஸ்கூல் மேனேஜருக்கு முதல் வரிசையில் நாற்காலி. மேரி டீச்சரின் ரத்தத்தைக் காலையிலேயே எடுத்து, ஆட்டி, கழுவி வைத்திருந்தோம்.

ட்யூபை கவுன்ட்டர் குழிக்குள் இறக்கினேன். டக்... டக்... அவ்வளவுதான். வெறும் குழியிலும் அந்தச் சத்தம் வரும். சுவரிலும் காற்றிலும் இருக்கிற கதிருக்கே அது அப்படித்தான் முனகும். பீரோவில் கிடந்த அயோடின் செத்தே போயிருந்தது.

மந்திரி டிரஸ்டியைப் பார்த்தார். டிரஸ்டிக்கு வேர்த்துவிட்டது. "இங்கதாங்கய்யா, மேரி டீச்சர் ரத்தம் இதுக்குள்ளதான்" என்று இடது கையைக் குழியின் வாயில் வைத்துக் காட்டினார். உடனே கவுன்ட்டர் கடகடவென்று கத்த ஆரம்பித்தது. பந்தல் முழுக்கக் கைதட்டல்.

"அந்தம்மா ரத்தம் என்னமா கூவுது" என்றார் மந்திரி.

டாக்டர் என் காதருகே, "ரேடியம் வாட்ச்" என்றார். இருட்டில் மணி தெரிய அந்தக் கால வாட்ச் முள்ளில் ரேடியம் பூசியிருப்பார்கள். கூவியது டிரஸ்டியின் மணிக்கட்டு. மந்திரி பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்க யாருக்குத் தைரியம் வரும்?

4. ஒட்டிக்கொள்ளும் வியாதி

மறுநாள் காலையிலேயே மேரி டீச்சர் குழந்தையோடு வந்து நின்றார். மேனேஜர் இப்போது பைத்தியம் என்று சொல்லவில்லையாம். "ஒடம்பு பூரா அணு ஓடுது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கும். இனிமே வராதீங்க" என்றாராம்.

"பக்கத்து வீட்டுக்காரி எம்பிள்ளயத் தூக்க மாட்டேங்கிறா டாக்டரய்யா. நெசமாவே எனக்குள்ள அது இருக்கா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாலை போட்ட கவுன்ட்டரையே தூக்கி உடைக்கலாம் போலிருந்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வாட்ச் விஷயத்தைச் சொன்னார். மேரி டீச்சர் அழவில்லை. "அப்ப அதயே மேனேஜரு கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்றார்.

மேனேஜரைக் கூப்பிட்டு அனுப்பினோம். டிரஸ்டியும் வந்தார், இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு. மேரி டீச்சர் கையை நீட்டிக் குழியின் வாயில் வைத்தார். டக்... டக்... வெறும் முனகல்தான்.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. "மெஷின நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து குழிக்குள் கையைக் காட்டினார். பினாங்கிலிருந்து மச்சான் அனுப்பிய வாட்ச் அந்தக் கையில் இருந்தது. கவுன்ட்டர் கத்திய கத்தலில் அவர் இரண்டடி பின்னால் போய் விழப் பார்த்தார்.

"ஒட்டிக்கும்னீங்களே சார்," என்றார் மேரி டீச்சர். "மொதல்ல நீங்க ஸ்கூலுக்கு வராம இருங்க."

டிரஸ்டிதான் முதலில் சிரித்தார், வெட்கமில்லாமல். மேனேஜர் சர்டிபிகேட்டுக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த பார்சல் மாலை மேளம் இல்லாமல் வந்தது. வந்த அன்றே பிரித்தோம். டெஸ்ட் சந்தேகமில்லாமல் தைராய்டு என்றது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாத்திரை சாப்பிடச் சாப்பிட நடுக்கம் குறைந்து, மேரி டீச்சர் மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் நின்றார்.

இன்றைக்கு லேபில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மெஷின் ரொம்பச் சத்தம் போட்டால் நோயாளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பக்கத்தில் நிற்கிற பெரிய மனுஷனின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.