பச்சை வேம்பு ஜன்னல்

மலர்கொடி மீன்சுருட்டிப் பக்கத்துப் பெண். தாய் இல்லாதவள். அதனால் பிள்ளைப்பேற்றுக்குக்கூடப் பிறந்த வீடு போக வழியில்லை. கல்லங்குறிச்சியில் சின்னதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் வருஷம் அவன் புது வீடு கட்டினான். உலகச் சண்டை நடந்த காலம், தேக்கு கண்ணிலேயே படவில்லை. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று கொல்லையில் நின்ற வேம்பை வெட்டி, ஈரம் காயுமுன்பே ஜன்னல் சட்டம் செய்ய வைத்தான்.

ஐப்பசி மழை பெய்ததும் உள்ளறை ஜன்னலின் சட்டம் முறுக்கிக்கொண்டது. மேல்கட்டை நடுவில் பிளந்து தொங்கியது. கதவுகள் இரண்டும் அதற்குள் இறுகி, இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் அசையவில்லை. அந்த அறையில்தான் மலர்கொடி படுத்துக்கொள்வாள். ஒரு பக்கம் நெல் குதிர், மறு பக்கம் அடுப்படி. புகை உள்ளே வரும். வெளியே போக வழி கிடையாது.

சட்டத்தைப் பெயர்த்து வேறு வைத்தால் தீர்ந்தது. ஆனால் மலர்கொடி அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் உளி வைக்கமாட்டார்கள். அடிக்கிற அடி வயிற்றுப் பிள்ளையின் உடம்பில் வடுவாக விழும் என்று நம்பிக்கை.

"பொறக்கட்டும், மறுநாளே பேத்துப்புடலாம்" என்றாள் மாமியார் பஞ்சவர்ணம்.

பெண் பிறந்தது. அறுவடை வந்தது, பிறகு ஆடி வந்தது. தச்சு வேலை செய்யும் அரியமுத்து ஆசாரி வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பியபோது மலர்கொடி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வழியில் சின்னதுரையைக் கண்டால் ஆசாரி விடமாட்டார்.

"என்ன தம்பி, உளியத் தீட்டலாமா? இல்ல, வூட்டுல இன்னும் விசேஷந்தானா?"

சின்னதுரை சிரித்து மழுப்புவான்.

இரண்டாவது பிள்ளை பையன். சித்திரை வெயிலில் பிறந்தான். காய்ச்சல் கண்டு, அந்த அறையிலேயே மூச்சு இழுத்து இழுத்து, ஒரு மாதம் நிரம்பும் முன்னே போய்விட்டான். கண் பட்டுவிட்டது என்றார்கள். விசிறி விசிறிக் கை ஓய்ந்து போனது மலர்கொடிக்குத்தான் தெரியும். பிளந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அதற்கடுத்த தையில் எல்லாம் கூடி வந்தது. அரியலூரிலிருந்து காய்ந்த மரம் வண்டியில் வந்து இறங்கியது. ஆசாரியும் ஊரில் இருந்தார். அந்த மாதம் மலர்கொடிக்குத் தள்ளிப்போயிருந்தது.

சொன்னால் மரம் இன்னொரு வருஷம் கொட்டகையில் கிடக்கும். இந்தப் பிள்ளையும் அதே அறையில்தான் பிறக்கும்.

விடிந்ததும் அவள் வீட்டு விலக்கானவள்போலப் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகை ஓரம் போய் உட்கார்ந்தாள்.

"தூரமா?" என்று தள்ளி நின்றே கேட்டாள் பஞ்சவர்ணம்.

"ஆமாங்க அத்தை."

"நல்லதாப் போச்சு. டேய் சின்னதுரை, இவ தலைக்கு ஊத்திக்கிட்டு வந்ததும் ஆசாரிய வரச் சொல்லிடுடா."

யாரும் கிட்டே வராத அந்த மூன்று நாளும் அவள் தலை நிமிரவில்லை.

ஆசாரி வந்தார். முதல் அடி விழுந்ததும் மலர்கொடி கொல்லைக்கு ஓடினாள். அங்கேயும் கேட்டது. கிணற்றடிக்குப் போனாள், அங்கேயும் கேட்டது. வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தாள். காதைப் பொத்த அவளுக்கு வேறு கை இல்லை.

பொழுது சாய்ந்தபோது புதுச் சட்டம் நின்றது. கதவுகள் திறந்தன. உள்ளே காற்று வந்தது.

"இப்பத் திருப்தியா?" என்றான் சின்னதுரை.

அவள் தலையாட்டினாள். வெளிக்குச் சொல்ல இன்னொரு மாதம் பொறுத்திருந்தாள். அதன் பிறகும் யாராவது வயிற்றைப் பார்த்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

புரட்டாசியில் வலி கண்டது. பிள்ளையைக் கையில் வாங்கிய மருத்துவச்சி பொன்னுத்தாய், "கணக்குக்கு முன்னாடியே வந்துட்டியேடி அவசரக்காரி! ஆனா கொற மாசமாட்டம் இல்லியே, நல்லாத் தெரண்டுல்ல இருக்கா" என்றாள்.

மலர்கொடி கையை நீட்டினாள். பிள்ளையைப் புரட்டினாள். முதுகு, காது மடல், உதடு, விரல் இடுக்கு. மறுபடியும் முதுகு.

"என்னத்தடி தேடுற? மாட்டுச் சந்தையில பல்லப் பிடிச்சுப் பாக்கறாப்ல!"

"ஒன்னுமில்ல" என்றாள் மலர்கொடி. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஆனாலும் கை நிற்கவில்லை.

பஞ்சவர்ணம் ஜன்னலண்டை போனாள். "பச்ச ஒடம்பு. காத்துப் படக் கூடாது."

"அத்தை, ஒரு கதவ மட்டும் சாத்துங்க."

"ஏண்டி, இன்னொரு கதவு வழியா காத்து வராதா?"

"ஒன்னு போதும் அத்தை" என்றாள் மலர்கொடி மறுபடியும்.

கிழவி முணுமுணுத்துக்கொண்டே ஒரு கதவைச் சாத்தினாள். அறையில் பாதி இருட்டாயிற்று. பிள்ளையைத் திறந்த பக்கம் கிடத்துவதா, சாத்திய பக்கம் கிடத்துவதா என்று தெரியாமல், மலர்கொடி அதை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.