அழுகைப் பாட்டும் துள்ளல் பாட்டும்

எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று யாராவது வாதாடத் தொடங்கினால் எனக்கு உடனே கொட்டாவி வந்துவிடும். என் பிள்ளைகள் கைபேசியை நீட்டி, "அம்மா, இதுக்கு ஒரு வாக்குப் போடுங்கோ" என்று நச்சரிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அமத்திவிடுவேன். நான் வாக்குப் போட்டுக் களைத்துப்போனவள். அந்தக் களைப்பு பத்து வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது நாங்கள் அனலைதீவில் இருந்தோம். அப்பா தெற்கே ஒரு சிங்கள ஊரில் கடை வைத்திருந்தார். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வருவார். ஒருமுறை வந்தபோது கைக்கடக்கமான ஒரு றேடியோ கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெரு முழுவதற்கும், அது ஒன்றுதான் றேடியோ. அதனால் அம்மாவுக்கு அது ஒருநாளும் சொந்தமாக இருக்கவில்லை.

வானொலியில் ஒரு பாட்டுப் போட்டி நடந்தது. கிழமைக்கு இரண்டு பாட்டுப் போடுவார்கள். பிடித்த பாட்டை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பவேண்டும். வென்ற பாட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். கடைசியில் இரண்டு பாட்டுகள் மிஞ்சின. ஒன்று ஒரு பெண் இழுத்து இழுத்துப் பாடியது, மற்றது மேளமும் கைதட்டலுமாக ஓடியது. எங்கள் வீட்டில் அவற்றுக்கு அழுகைப் பாட்டு, துள்ளல் பாட்டு என்று பெயர்.

அழுகைப் பாட்டுக்குத் தலைவி மாமி. அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். துள்ளல் பாட்டுக்குத் தலைவர் அம்மாவின் தம்பியான மாமா. வேலிக்கு அப்பால், அடுத்த வளவில் குடியிருந்தவர். ஒழுங்கைச் சனம் இரண்டாகப் பிரிந்து எங்கள் விறாந்தையின் இரண்டு பக்கமும் உட்காரும். நான் மாமியின் பக்கம். மாமா தன் கட்சிக்கு அஞ்சலட்டை எழுதும்போது தொட்டிலில் கிடந்த குழந்தைகளின் பெயரிலும் எழுதினார். மாமிக்கு இது தெரிந்ததும், மேலுலகம் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரில் எழுதிச் சமன் செய்தார். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது அம்மா.

"அக்கா, நீங்கள் ஆரின்ரை பக்கம்?" என்று மாமா ஒருநாள் கேட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எது கெதியா முடியுமோ அந்தப் பாட்டுக்குப் போடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு றேடியோவில் வேண்டியது செய்தி ஒன்றுதான். அந்தி நேரத்தில் செய்தி கேட்பார், உடனே நிறுத்துவார். யாரோ ஒருவர் ஏதோ ஒரு கூட்டத்தில் பேசினார் என்பதைக் கேட்க இவருக்கு என்ன ஆசை என்று நான் யோசித்ததுண்டு. பாட்டுக்காரர்களின் தொல்லையால் பற்றறி செத்துக்கொண்டே போனது. அம்மா அவற்றைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைப்பார். வெயில் குடித்த பற்றறி இன்னும் இரண்டு நாள் மூச்சுவிடும். புதிது வாங்க ஊர்காவற்றுறைக்குத்தான் போகவேண்டும். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம் அது. கடல் பொங்கினால் படகு ஓடாது.

முடிவு சொல்லும் கிழமையில், ஊர்காவற்றுறையிலிருந்து கடைசியாக வந்த படகோடு ஒரு கதையும் வந்தது. தெற்கில் குழப்பமாம், தமிழ்க் கடைகளை எரிக்கிறார்களாம். பெரியவர்கள் எங்களுக்குக் கேளாமல் பேசினார்கள், நாங்கள் கேட்டோம். கேட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அதன்பிறகு காற்று ஏறிவிட்டது, படகு வரவில்லை. அம்மா பற்றறிகளைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். செய்தி நேரத்துக்கு மட்டும் முடிச்சு அவிழும். அம்மா ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பிடித்தவராகிவிட்டார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

முடிவு சொல்லும் அந்தியில், அதுவரை கீரியும் பாம்புமாக இருந்த மாமாவும் மாமியும் ஒன்றாகச் சேர்ந்து அம்மாவின் முன்னால் நின்றார்கள்.

"ஒரேயொருக்காத்தான் அக்கா. முடிவைக் கேட்டிட்டு உடனை நிப்பாட்டுறன்."

"தம்பி, செய்தி கேக்க வேணுமடா. அத்தான் அங்கை..."

"அத்தானின்ரை ஊரிலை ஒண்டும் நடக்காது. எல்லாம் அடங்கியிடும்."

மாமி அம்மாவின் கையைப் பிடித்தார். அவருக்கும் அது அண்ணன்தானே. பயத்தைக் கொஞ்ச நேரம் மறந்திருக்கத்தான் அவர் பாட்டுக் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. அம்மா களைத்துப்போய் முடிச்சை அவிழ்த்தார்.

வானொலிக்காரர் முடிவை நேரே சொல்லவில்லை. அஞ்சலட்டை எழுதியவர்களைப் புகழ்ந்தார். துள்ளல் பாட்டை முழுதாகப் போட்டார், பிறகு அழுகைப் பாட்டை முழுதாகப் போட்டார். போகப்போகச் சத்தம் தேய்ந்தது. விறாந்தை முழுவதும் றேடியோவை நோக்கிக் குனிந்தது. "அன்பான நேயர்களே, வெற்றி பெற்ற பாடல்" என்பது வரை கேட்டது. அதற்குப்பிறகு ஒன்றுமில்லை.

மாமா தட்டிப் பார்த்தார், மாமி குலுக்கிப் பார்த்தார். பிறகு தன் பாட்டே வென்றது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், சனம் சண்டை பிடித்துக்கொண்டே கலைந்தது. செய்தி நேரம் வந்தபோது அம்மா செத்துப்போன றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அதன் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

காற்று விழ ஒரு கிழமைக்கு மேலாயிற்று. அதுவரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கிருந்த கவலை வேறு, எந்தப் பாட்டு வென்றது என்பதுதான்.

ஒருநாள் காலை படலையைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். கையில் பையில்லை. உடம்பில் யாருடையதோ சேட்டு, தோள்மூட்டில் தொங்கியது. அம்மா வாசலில் அப்படியே குந்திவிட்டார். நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். கடையில் பெரிய றேடியோ ஒன்று எப்போதும் பாடிக்கொண்டே இருக்கும் என்று அவர் முன்பு சொல்லியிருந்தார்.

"அப்பா, கடை றேடியோவிலை கேட்டனீங்களோ? எந்தப் பாட்டு வெண்டது?"

அப்பா என் உயரத்துக்குக் குனிந்தார். "உனக்கு எது விருப்பம், பிள்ளை?"

"அழுகைப் பாட்டு."

"ஓம். அதுதான் வெண்டது."

கடையும் றேடியோவும் ஒன்றாக எரிந்துபோனதும், அந்த அந்தியில் பக்கத்துப் பேக்கரிக்காரர் தன் விறகு அறையில் அப்பாவை ஒளித்து வைத்திருந்ததும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் கிணற்றடிக்குப் பறந்தேன். மாமி தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். "மாமி, உங்கடை பாட்டுத்தான் வெண்டதாம்! அப்பா சொன்னவர்!"

மாமியின் கையிலிருந்து கயிறு நழுவியது, வாளி கிணற்றுக்குள் விழுந்தது. "ஆர் சொன்னது? ஆர் சொன்னதடி?" என்று கேட்டபடி ஈரத் தரையில் குந்தித் தலையில் அடித்து அழத் தொடங்கினார். சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த மாமாவுக்கும் நான் முடிவைச் சொன்னேன். தோற்ற கட்சித் தலைவர் ஒரு சொல்லும் வாதாடவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் ஓடினார்.

ஒரு பாட்டு வென்றதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு மாமியை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.