கை நனைக்காத மாமனார்

தடியங்காய் என்கிற வெண்பூசணி ஒன்றைப் பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறார் சிவப்பிரகாஷ். "நீங்க சாப்பிடப்போற கூட்டு இதோட கூடப்பொறந்ததுதான் சார்." இலையில் கை வைக்கலாமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். முடியாது. அந்தக் காய் எந்த வேலியில் படர்ந்தது, யார் வீட்டு ஆட்டுக்குத் தப்பியது என்பதையெல்லாம் கேட்டாக வேண்டும். அதற்குள் கூட்டு ஆறிவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக இருக்கிறது அவருடைய உணவகம். பின்னால் தோட்டம், முன்னால் கொஞ்சம் மேசைகள். மெனு கார்டு கிடையாது. என்ன இருக்கிறது என்று போனில் கேட்டால், "தோட்டம் என்ன சொல்லுதோ அதான்" என்பார். மீன் மட்டும் புன்னக்காயல் கடற்கரையிலிருந்து வரும். சொகுசுக் கப்பலில் செஃப்பாக இருந்தவர், அந்த உயரமான வெள்ளைத் தொப்பியை இன்னும் விடவில்லை. அதைப் போட்டுக்கொண்டேதான் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். களை எடுக்க வரும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது வெயிலுக்கு ஆளுக்கொன்று கேட்கிறார்களாம்.

கப்பலில் ஸ்பூன் ஸ்பூனாக ருசி பார்த்தவர், ஊருக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டார். நம் வீட்டுப் பெண்களைப் போல மணத்தை வைத்தே உப்பு, புளி சொல்லிவிடுவார். அதில் கர்வமும் உண்டு. இலையில் உப்பு வைக்க மாட்டார். "உப்பு கேட்டாங்கன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

இவ்வளவு சந்தோஷமான மனிதருக்கும் ஒரு குறை இருந்தது. மாமனார் பொன்னுதுரை தூத்துக்குடியில் உப்பு வியாபாரி. கப்பல் மாப்பிள்ளை என்று நம்பிப் பெண் கொடுத்தவர். அந்த மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுச் சோறு விற்க உட்கார்ந்தது அவருக்குப் பெரிய தலைகுனிவு. அங்கே கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் ஓர் இடத்தில் கை நனைக்கவில்லை என்றால் அந்த உறவையே ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். மகள் பானுப்ரியாவைப் பார்க்க வருவார், வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போனபோது பக்கத்து மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பேத்திக்குப் பிறந்தநாள். அவள் பிடித்த பிடிவாதத்தில் வந்திருக்கிறார். எனக்கு இலை போட வந்த பானுப்ரியா மெதுவாகச் சொன்னார். "அப்பா வந்திருக்காவ சார். சாப்பிடுவாவளான்னுதான் தெரியல."

சிவப்பிரகாஷ் அன்று எந்த மேசைக்கும் கதை சொல்ல வரவில்லை. அடுக்களை வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஊளிமீன் குழம்பு வந்தது. மணம் ஆளைத் தூக்கியது. ஒரு வாய் வைத்தேன், திக்கென்றது. உப்பு சுத்தமாக இல்லை. பதற்றத்தில் மனிதர் போடவே மறந்திருக்கிறார். அதே சட்டிக் குழம்பைத்தான் பானுப்ரியா தன் அப்பாவின் இலையிலும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பொன்னுதுரை சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தி நிமிர்ந்தார். மகள் வாளியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னுதுரை குனிந்து அடுத்த வாயை எடுத்தார். அப்புறம் இன்னொன்று.

கடைசி மேசையில் யாரோ உப்பு கேட்டுவிட்டார்கள். சிவப்பிரகாஷ் கிண்ணத்தோடு ஓடிவந்து மாமனார் முன்னால் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, உப்பு..."

பொன்னுதுரை தலையை நிமிர்த்தவில்லை. இலையில் பாதிச் சோறு காலியாகியிருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு மாப்ள. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

சிவப்பிரகாஷ் உப்புக் கிண்ணத்தை ஏப்ரன் பைக்குள் திணித்தார். உப்பெல்லாம் பைக்குள் கொட்டியது. மனைவி கையிலிருந்த வாளியை வாங்கி, குனிந்து, மாமனார் இலையில் குழம்பை ஊற்றினார்.