பதினைந்து வேண்டாம் என்ற சேவியர்

செவ்வாய்க்கிழமை காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சேவியரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "தூக்கத்துலயே போயிட்டாரு மேடம்" என்றார். சேவியர் ஓய்வு பெற்ற பிறகும் குருசுக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் எங்கள் துறைக்கு வந்து, எல்லோருடைய வேலையிலும் குறை கண்டுபிடித்து, டீ குடித்துவிட்டுப் போனவர். ஆளைக் காணோமே என்று முந்தின நாள்தான் கேலி பேசியிருந்தோம்.

எங்கள் மருத்துவமனையின் கதிர்வீச்சு இயற்பியலாளராக இருந்தவர். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தருவது என்னைப் போன்ற டாக்டர்கள் என்றுதான் ஊர் நினைக்கிறது. எந்தக் கதிர், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருபவர் இயற்பியலாளர். ஜன்னல் இல்லாத அறையில் கணினி முன் அமர்ந்திருப்பார். நோயாளிகளுக்கு அவரைத் தெரியாது.

நாங்கள் சேர்ந்து பணியாற்றத் தொடங்கிய காலத்தில், புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்றாலே நான் 'பதினைந்து' என்று சொல்லிவிடுவேன். இயந்திரத்தில் இருந்த இரண்டு ஆற்றல்களில் அதுதான் பெரியது. சுரப்பி இடுப்பின் ஆழத்தில் இருப்பதால் ஆழமாகப் பாய்கிற கதிர் வேண்டும் என்பது நான் படித்த பாடம். சின்னது 'ஆறு'. யோசிக்காமல் எண்ணைச் சொல்லும் இந்த வழக்கம் சேவியருக்குப் பிடிக்காது. ஒரே நோயாளிக்கு இரண்டிலும் திட்டம் போட்டு, திரையில் ஆற்றல் எழுதியிருக்கும் மூலையில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"நம்பரப் பாத்தா உங்க கண்ணு அங்கியே நின்னுடும் மேடம். படத்தப் பாத்து எது நல்லதுன்னு சொல்லுங்க."

நான் ஒன்றைக் காட்டுவேன். பிளாஸ்திரியை உரித்து, 'இதோ' என்பதைப் பிரெஞ்சில் "வொலா" என்பார். பாதி தடவை ஆறாகத்தான் இருக்கும். எனக்குக் கோபம் வரும். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் புராஸ்டேட் புற்றோடு கலியபெருமாள் வந்தார். தேங்காய்த்திட்டில் சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். அகன்ற இடுப்பு, கனத்த உடம்பு. நெஞ்சில் பேஸ்மேக்கர், அதை நம்பித்தான் இதயம் துடித்தது. இந்த உடம்புக்குப் பதினைந்தைத் தவிர வழியில்லை என்றேன். சேவியர் மறுத்தார். பதினைந்தில் நியூட்ரான்களும் கிளம்பி உடம்பெங்கும் சிதறும், பேஸ்மேக்கரைக் குழப்பிவிடலாம் என்றார்.

"குழம்பிடும்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது மேடம். தெரியாததாலதான் வேணாங்கறேன்."

ஆனால் ஆறில் போட்ட முதல் திட்டத்தில் இடுப்பின் இருபக்கச் சதையும் அளவுக்கு மீறிக் கதிரை வாங்கியது. வெளியே கலியபெருமாளின் மகன், "இன்னும் ஏன் ஆரம்பிக்கல? கட்டி வளந்துடாதா?" என்று என்னை நச்சரித்தான். நான் அந்தக் கோபத்தைச் சேவியர் மேல் காட்டினேன். அவர் திட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தார். கதிர் உடம்பைச் சுற்றிவரும்படி அமைத்து, சுற்றுகளைக் கூட்டி, பிடிக்காமல் கலைத்து, மறுபடி போட்டார். ஒருவழியாகக் கூப்பிட்டார். அன்று பிளாஸ்திரி இல்லை.

"ஆறுதான் மேடம். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

சுரப்பிக்கு முழு அளவும் சேர்ந்திருந்தது. மலக்குடலும் சிறுநீர்ப்பையும் சதையும் தப்பியிருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

சிகிச்சை முடியும்வரை பேஸ்மேக்கர் சீராக இருந்தது. கலியபெருமாள் பெரிய வஞ்சிரம் ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். சேவியரிடம் பாதியை நீட்டினேன்.

"ஒண்ணும் நடக்கலியே மேடம். அதுக்கு எதுக்கு எனக்கு மீனு?" என்று சிரித்தார். வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடக்கத்துக்கு மறுநாள், வழக்கமான வருடாந்திரப் பரிசோதனைக்குக் கலியபெருமாள் வந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். சேவியர் இறந்துபோனதைச் சொன்னேன்.

"யாரு டாக்டரம்மா அவரு? நான் பாத்ததே இல்லியே."

எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், பரிசோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்.

"எங்க அடக்கம் பண்ணியிருக்காங்க?"

வழி சொன்னேன்.

சேவியர், உங்களைப் பார்க்க ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்.