கட்டபெட்டு வளைவில் நின்றுபோன சத்தம்

என் தம்பி மலை ரோட்டில் பந்தயம் விடுகிற ராலிக் காரில் ஏறுகிறான் என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வண்டிகளுக்கு ரிப்பேர் பார்க்கிற ஆட்களோடு மலைக்குப் போகிறேன் என்று கோயமுத்தூரில் அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவான். உண்மை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். ஓட்டுகிறவன் அவனுடைய சிநேகிதன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் இருக்கிற குறிப்பைப் பார்த்து, அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு இறுக்கம், அதற்கப்புறம் பள்ளமா மேடா என்று கத்திக்கொண்டே போவதுதான் தம்பியின் வேலை.

"நானா ஓட்டறேன்? படிக்கத்தானேக்கா செய்யறேன்" என்பான்.

எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஓட்டுகிறவனாவது ரோட்டைப் பார்க்கிறான். இவன் அந்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டு போகிறானே!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் அருவங்காட்டில் வெடிமருந்து பாக்டரிக் குடியிருப்பில் இருந்தோம். வீட்டுக்காரர் பாக்டரியில் பிட்டர். நான் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ராலி வருகிற வருஷமெல்லாம் அவர் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய்விடுவார். சாயந்திரம் பேன்ட் முழுக்கச் சேறும், காலில் அட்டை கடித்த ரத்தமுமாக வந்து, என்னவோ கல்யாணத்துக்குப் போய்வந்தவர் மாதிரி பூரிப்பாக உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் பந்தயம் கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் நடக்கிறது, தம்பி வண்டி அதில் ஓடுகிறது என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்றேன்.

"ஏனுங்க, வீட்ல உக்காந்து சாமி படத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு, அங்கயே வந்து பாத்தர்றனுங்க" என்றேன்.

"பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் பெருசா இருக்காது. நிக்கோணும். அவ்வளவுதான்" என்றார் அவர்.

அது முழு உண்மை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. விடிவதற்கு முன்னால் ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்பதால் இருட்டோடு கிளம்பினோம். பிளாஸ்கில் டீ, தயிர்ச்சோறு, இரண்டு குல்லா. ஸ்கூட்டரை ஒரு கடை ஓரத்தில் போட்டுவிட்டு, தோட்டத்து ரோட்டில் மேடேறி நடந்து, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மண் திட்டில் போய் நின்றோம். எங்களுக்கு முன்பே நூறு பேராவது நின்றிருந்தார்கள். ஊட்டியிலிருந்து வந்த காலேஜ் பையன்கள், கொழுந்து பறிக்காமல் கூடையோடு நின்ற தோட்டத்துப் பெண்கள், மப்ளர் சுற்றிய படுகர் வீட்டு ஆண்கள். திட்டின் நடுவில், பச்சைக் கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் விசிலோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் கார் பேட்டரியில் வயரைக் கட்டி ஒரு வயர்லெஸ் பெட்டி வைத்திருந்தார். பந்தயத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மணிக்கு என்றது ஒன்பதாகியும் ஒன்றும் வரவில்லை. பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. சேலைக் கரை நனைந்து காலில் ஒட்டியது. ஒதுங்குவதற்கு ஒரு இடம் கிடையாது. பெண்கள் அங்கே படுகிற பாட்டை ஆண்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இதற்கா வருஷா வருஷம் லீவு போட்டீர்கள் என்று கேட்கத் திரும்பினேன். அப்போதுதான் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து முதல் சத்தம் வந்தது.

முதலில் வண்டு மாதிரி. பிறகு கியர் மாறுகிற உறுமல். மலை அதை வாங்கி இன்னொரு மலைக்குக் கொடுத்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லாரும் கழுத்தை நீட்டினோம். சத்தம் ஒரேயடியாகக் கிட்டே வந்துவிட்டது. அதிகாரி விசில் ஊதினார். மஞ்சுக்குள்ளிருந்து நான்கு மஞ்சள் விளக்குகள் வந்தன. வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது. சின்னக் கற்கள் என் முகத்தில் அடித்தன. கண்ணைத் துடைப்பதற்குள் அது போய்விட்டது. பெட்ரோல் புகையும் சூடான மண் வாசமும் மட்டும் நின்றன.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்திருந்தேன். "பாத்தியா!" என்றார். அந்த இரண்டு நொடிக்காகத்தான் இவ்வளவு பேரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று புரிந்தது.

ஆனால் ஒவ்வொரு வண்டி போனதும் என் சிரிப்பு குறைந்தது. தம்பியின் வண்டி பதினோராவது. கதவில் பெரிதாக எழுதியிருக்கும். ஐந்து, ஆறு, ஏழு. அந்த வளைவில் சக்கரங்கள் பள்ளத்து விளிம்புக்கு எவ்வளவு கிட்டே போகின்றன என்பதை நான் பார்க்கத் தொடங்கியிருந்தேன். எட்டாவது வண்டியின் பின்சக்கரம் விளிம்பில் மண்ணைச் சரித்துவிட்டுப் போனது. கூட்டம் ஓவென்று கத்தியது.

பத்தாவது வண்டி போய்ச் சத்தம் அடங்கியதும், எங்களுக்கு எதிரே மேட்டிலிருந்த சோலையில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. யாரோ, "மாடு, மாடு" என்று அடித்தொண்டையில் சொன்னார்கள். சோலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வெளியே வந்தது. ஒற்றைக் காளை. மஞ்சில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். சாவதானமாக இறங்கி வந்து, வளைவுக்குச் சற்றுக் கீழே, ரோட்டுக்கு நட்டநடுவில் நின்றுகொண்டது.

வயர்லெஸ்காரர் பெட்டியில் குனிந்து, "நிறுத்துங்க, ரோட்டுல காட்டெருமை, வண்டிய விடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கரகரவென்ற சத்தம்தான் வந்தது. பிறகு ஏதோ பதில். அவர் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"பதினொண்ண விட்டுட்டாங்களாம்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

யாரோ கை தட்டினார்கள். யாரோ கல் எடுத்தார்கள். "எறியாதீங்க, நம்ம மேல வந்துரும்" என்று அதிகாரி தடுத்தார். மாடு தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் வண்டுச் சத்தம் தொடங்கியது. என் தம்பி வருகிறான். தலையைக் குனிந்துகொண்டு, இந்த ரோட்டில் என்ன இருக்கவேண்டுமோ அதைப் படித்துக்கொண்டு வருகிறான். இந்த மாடு அவன் குறிப்பில் இல்லை.

சத்தம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. கீழ் வளைவில் மஞ்சு மஞ்சளானது. பிரேக் பிடித்துச் சரளையில் சக்கரங்கள் தேய்கிற சத்தம். மொத்தென்று ஓர் இடி. கண்ணாடி நொறுங்கியது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. இன்ஜின் சத்தம்கூட இல்லை.

மாடு மூச்சைச் சீறி விட்டபடி எங்களை நோக்கி மேலே ஏறி வந்தது. கூட்டம் சிதறித் திட்டின் உச்சிக்கு ஓடியது. என் கால் நகரவில்லை. வீட்டுக்காரர் என்னை இழுத்துப் பின்னால் போட்டார். வளைவு வரைக்கும் வந்த மாடு அங்கேயே நின்றுவிட்டது. தம்பி கிடக்கிற இடத்துக்கும் எனக்கும் நடுவில் அது நின்று, காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாரும் ரோட்டுல எறங்கக் கூடாது" என்று அதிகாரி கத்தினார்.

"அது என் தம்பிங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூடையோடு நின்ற பெண்களில் ஒருத்தி, சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பேச்சு, என் தோளைத் தொட்டாள். "இஞ்சால வாங்கம்மா. கான் வழியா எறங்கிரலாம். மாடு ரோட்ட விட்டு வராது" என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் வீட்டுக்காரரும் நானும் இறங்கினோம்.

தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடுகிற கான் அது. செங்குத்தாக இறங்கியது. இரண்டு பக்கமும் செடிகள் காலைக் கிழித்தன. முதல் இறக்கத்திலேயே செருப்பு போய்விட்டது. மாடு வராது என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஒவ்வோர் அடியிலும் முதுகுக்குப் பின்னால் அதன் மூச்சு கேட்பதாகவே இருந்தது. ஆனாலும் கீழே ஏதாவது சத்தம் கேட்காதா என்பதில்தான் என் காது இருந்தது. ஒரு முனகல், ஒரு இருமல், எதுவானாலும் சரி. ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் விளக்குதான் தெரிந்தது. வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஓட்டிய பையன் வெளியே செடிக்குள் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவன் பேச மாட்டேங்கறான், பேச மாட்டேங்கறான்" என்றான்.

தம்பி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. வாயிலிருந்து ரத்தம் வழிந்து தாடை வாரை நனைத்து, மார்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

"கண்ணு! சாமி! அக்கா வந்துட்டேன்டா!"

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. கொழகொழவென்று ரத்தம்தான் வந்தது. வாயில் ரத்தம் வந்தால் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று எங்கோ கேட்டிருந்தேன். அந்த நிமிஷம் இவன் போய்விடுவான் என்றே முடிவு செய்துவிட்டேன். பெட்ரோல் சொட்டுகிற வாசம் வேறு. வீட்டுக்காரர் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தார். அந்தப் பெண் இடுப்பில் செருகியிருந்த, செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். பெல்ட்டை அறுத்தார்கள். உடைந்த முன் கண்ணாடி வழியாக மூன்று பேருமாக அவனை வெளியே எடுத்தோம்.

வயர்லெஸ்காரர் அதற்குள் பின்வண்டிகளை நிறுத்த வைத்துவிட்டார். கீழேயிருந்து ஆம்புலன்ஸ் ஜீப் வந்தது. கோத்தகிரி ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலை என் மடியில் இருந்தது. பேச முயன்றபோதெல்லாம், "பேசாதடா, பேசாதடா" என்று வாயைப் பொத்தினேன். மார்பு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா ஒருவர் அவனை உள்ளே கொண்டு போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடச் சரியாக வரவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார்.

"நாக்கைக் கடிச்சிட்டார்ம்மா. நல்லா ஆழமா கடிச்சிருக்கார். தையல் போட்டிருக்கேன். வேற ஒண்ணும் இல்ல."

"உள்ள...?"

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. கத்திக்கிட்டே வந்திருப்பார் போல. அதான், மோதினப்ப நாக்கு மாட்டிருச்சு. கூட வந்த தம்பிக்குத்தான் தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருக்கு."

அதற்குப் பிறகுதான் எனக்கு உதறல் எடுத்தது. பல் கிட்டித்துவிட்டது. வீட்டுக்காரர் வாங்கிவந்த டீயைப் பிடிக்க முடியாமல் சேலையிலேயே கொட்டிக்கொண்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

எஸ்டிடி பூத்திலிருந்து, அம்மாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். "அம்மா, தம்பிக்குச் சின்ன அடிம்மா. ரிப்பேர் பாக்கறப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"பக்கத்து சீட்டுலதான உக்காந்திருந்தான்?" என்றாள் அம்மா.

"உனக்கு எப்படிம்மா..." என்றேன்.

"ரெண்டு வருசமா அவன் துணிய நான்தான தொவைக்கறன். ரிப்பேர் பாத்துட்டு வர்றவன் சட்டைல ஒரு சொட்டு எண்ணெ கூட இருக்காதா? உசுரோட இருக்கானா, அத மட்டும் சொல்லு."

இருக்கிறான் என்றேன். போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கஞ்சித் தூக்கோடு வந்து இறங்கினாள். அவனைத் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்ல அவனால் முடியாது, அதனால் வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். நாக்கு ஆறுகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் சேர்த்து வைத்துத் திட்டினாள்.

அடுத்த வருஷமும் அவன் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். அதற்கடுத்த வருஷமும். நானும் போய் நின்றேன். அந்த இரண்டு வருஷமும் நான் எந்த வண்டியையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அவன் வண்டி போகிற வரைக்கும் பயம். போன பிறகு, இன்னும் எத்தனை வளைவு இருக்கிறது என்கிற பயம். பிறகு அவனுக்குச் சொந்தமாக ஒர்க்ஷாப் அமைந்தது. பெண் பார்த்தோம். அவனாகவே ஒரு நாள், "போதுங்க்கா" என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்காரர் ராலி பார்க்கப் போவதை விடவில்லை. அவரோடு நானும் பின்னொரு வருஷம் போனேன். அன்று மஞ்சே இல்லை. பைக்காரா ரோட்டுப் பக்கம், மரங்களுக்கு நடுவில் செம்மண் ரோடு மேலிருந்து கீழ் வரைக்கும் வெயிலில் தெரிந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகத் தூசியைக் கிளப்பிக்கொண்டு இறங்கின. எங்கள் வீட்டு ஆள் எதிலும் இல்லை. என்ன அழகு இது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு யாராச்சும் ஓட்டறாங்களாக்கா?" என்றாள்.

"இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன். உனக்கு?"

"அடுத்த வண்டிக்கா. எங்க வீட்டுக்காரர்."

மேலே சோலைக்குள் சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. "கண்ணைத் தொறக்காத. நான் சொல்றேன்" என்றேன். வண்டி தெரிந்தது. "வர்றான்... திரும்பறான்... திரும்பிட்டான்மா... போய்ட்டான்." அவள் கண்ணைத் திறந்தபோது தூசிதான் இருந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன்.