சித்தி தோற்ற பந்தயம்

ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, செங்கம் சாலையில் சித்தப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போனதில், ஒரே மாடல் மலைச் சைக்கிள் மூன்று அவரிடம் சேர்ந்திருந்தன. முதலாவது முழுக்க இரும்பு. கல்லில் ஏறினால் நம் பல் ஆடும். அடுத்ததற்கு முன்பக்கம் ஸ்பிரிங் வந்திருந்தது. கடைசியாக வந்த புதுசுக்கு டிஸ்க் பிரேக், எடையும் பாதிதான். "ஒரே பேரு, மூணு பொறப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்படுவார்.

சித்தி கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்தவள். டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வர ஒரு சைக்கிள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சும்மா கொடுக்கச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை, "அடி அண்ணாமலை கோயில் வரைக்கும் பந்தயம். நான் புதுசு, நீ பழசு. ஜெயிச்சா புதுசு உனக்கு. தோத்தா பழச எடுத்துக்கோ" என்றார்.

"பேச்சு மாற மாட்டீங்களே?" என்றாள் சித்தி.

ஒன்பது வயதான நான் சித்தியின் பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். சித்தப்பா புறப்பட்ட வேகத்தில் கண்ணுக்கே தெரியாமல் போனார். ஆனால் கியரை மாற்றி மாற்றி விளையாடியதில் பாதி வழியில் சங்கிலி கழன்றுவிட்டது. கை முழுக்க மசையோடு குனிந்திருந்தவரைத் தாண்டினோம். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

கோயில் கோபுரம் தெரிந்தது. சித்தி ஒரு புளியமரத்தடியில் காலை ஊன்றி நிறுத்திவிட்டாள்.

"போ சித்தி! அவரு வந்துடுவாரு!"

"இருடி, மூச்சு வாங்குது."

எனக்கு அப்படித் தெரியவில்லை. துப்பட்டாவை நிதானமாக இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மணியடித்துக்கொண்டே எங்களைக் கடந்தார். அவள் முகத்தில் சிரிப்பு. எனக்கோ அழுகை.

கோயில் வாசலில் டீ வாங்கிக்கொடுத்த சித்தப்பா, "பேச்சுன்னா பேச்சு. பழசு உன்துதான்" என்றார், தாராளமாக.

நான் ஒரு வாரம் சித்தியோடு பேசவில்லை. அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. திங்கட்கிழமையே வகுப்பில் சேர்ந்துவிட்டாள். புதுசு தினமும் விடிந்ததும் யாராவது ஒரு வெள்ளைக்காரரோடு வாடகைக்குப் போய், இருட்டித்தான் திரும்பும். கடையில் அதற்குத்தான் வாடகை அதிகம். பழசை ஒருவரும் கேட்டதில்லை. ஜெயித்து, புதுசு பேருக்கு அவளுடையதாகியிருந்தால், சித்தி எதில் ஏறி வகுப்புக்குப் போயிருப்பாள் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.